மயில் மீனும் மாவட்டப் போட்டியும்

பள்ளிப் பணிகளின் நெருக்கடியால் நீண்ட நாள்களாக இங்கு எதுவும் எழுத இயலவில்லை. இன்று நான் எழுதப்போவது பாடத்திட்டத்தைப் பற்றியோ பயிற்றிகளைப் பற்றியோ அன்று. ஒரு மீனைப் பற்றி. ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பொறுமையுடன் இறுதிவரை படிப்பீர்களானால், இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்பது விளங்கும்.

2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. படிவம் ஒன்றில் பயின்றுகொண்டிருந்தான். என் தம்பி தூண்டில் மீன்பிடிப்பில் பெரும் ஈடுபாடு உடையவன். "அக்கா, இந்த முறை மருமகனைக் கோலா ரொம்பினுக்கு அழைத்துப் போகிறேன். மயில் மீன் பிடிக்கலாம்" என்றான். கடல் என்றாலே எனக்கு அச்சம். பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றேன். மகனின் முகம் சற்று வாடியது. அதை நான் கவனித்தும் கவனியாததுபோல் இருந்துவிட்டேன்.

முதல் நாள் மாலையே குளுவாங்கிலிருந்து புறப்பட்டு, மெர்சிங், எண்டாவ் வழியாகப் பகாங் எல்லைக்குள் நுழைந்து கோலா ரொம்பினை அடைந்தோம். ரொம்பின் ஆறு தென்சீனக் கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த சிறிய பட்டணம் அது. மயில் மீனைத் தேடி வெளிநாட்டவரும் அங்கு வருகின்றனர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஆண்டிறுதியில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் வெளியே போவதில்லை. காற்று ஓய்ந்த மார்ச் முதல் அக்டோபர் வரைதான் இங்கு மீன்பிடிப் பருவம். அதிலும் ஆகஸ்டும் செப்டம்பரும் மிகச் சிறந்த மாதங்கள் என்று தம்பி சொன்னான்.

மயில் மீனை மலாயில் 'இக்கான் லாயாரான்' என்பர். லாயார் என்றால் கப்பற்பாய். முதுகில் கப்பற்பாய்போல் விரியும் பெரிய துடுப்பால் அந்தப் பெயர். நம்மவர்களுக்கு அது மயில் தோகையாகத் தெரிந்திருக்கிறது. மேல்தாடை ஈட்டியைப்போல் நீண்டிருக்கும். பிறந்த முதல் ஆண்டிலேயே ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடும். இது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பல நூல்களில் படித்திருக்கிறேன். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2016இல் வெளியான ஆய்வொன்று, இம்மீனின் தசைகள் சுருங்கும் வேகத்தை அளந்து, அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்று கணக்கிட்டுள்ளது. ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் படகுத்துறையில் இருந்தோம். எங்கள் தெக்கோங் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். நாங்கள் அவரைப் பாச்சிக் என்றழைத்தோம். நான் ஆசிரியை என்று தம்பி சொன்னதும் அவர் என்னைச் 'சிக்கு' என்று அழைக்கத் தொடங்கினார். அனைவரும் பாதுகாப்புச் சட்டை அணிந்த பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார். அவருக்கு உதவியாக ஓர் இளைஞனும் இருந்தான்.

பெரிய மீன் என்றதும் நடுக்கடலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. சுண்டா கண்டத்திட்டின் மேல் அமைந்திருப்பதால் அங்கே கடல் ஆழம் குறைந்தது. நெத்திலிக் கூட்டங்களைத் தேடி மயில் மீன்கள் கரையை ஒட்டிய பகுதிக்கே வந்துவிடுகின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் பாச்சிக் படகை நிறுத்தினார். அவ்விடத்தில் மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கட்டிக் கடலுக்குள் இறக்கி வைத்திருந்தனர். அதற்கு 'உன்ஜாம்' என்று பெயர். அந்த ஓலைகளின் நிழலில் சிறு மீன்கள் கூடும். பல சிறு முள்கள் கோத்த 'அப்போலோ' தூண்டிலை இறக்கி, உயிருள்ள செலாரையும் கெம்போங்கையும் முதலில் பிடித்தோம். அவைதாம் இரை. என் மகன் ஒரே இழுப்பில் மூன்று செலார் பிடித்துச் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பிறகு பறவைகளைத் தேடிப் படகு நகர்ந்தது. கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுப் பாய்ந்தால் அதன் கீழே நெத்திலிக் கூட்டமும், அதன் கீழே மயில் மீனும் இருக்கும் என்பது பாச்சிக்கின் கணக்கு. இரையைப் பலூன் மிதவையில் கட்டிக் கடலில் விட்ட பிறகு, என் மகனைப் பக்கத்தில் அழைத்துத் தூண்டில் முள்ளைக் காட்டினார். அது வழக்கமான முள்ளைப்போல் இராமல் நுனி உள்நோக்கி வளைந்து வட்டமாக இருந்தது. "மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே. ஜாங்கான் சென்தாக். நீ ரீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இரு. முள் தானாகவே மீனின் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். நீ அவசரப்பட்டு இழுத்தால் வாயிலிருந்து வெளியே வந்துவிடும்" என்றார். மீனின் குடலில் குத்தாமல் வாயோரத்தில் மட்டும் மாட்டுவதால், விடுவித்த பிறகு அது பிழைக்கும் வாய்ப்பு அதிகமாம். எங்கள் படகில் மயில் மீனைக் கொல்லும் வழக்கம் இல்லை. பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

பத்து மணியளவில் ரீல் கிறீச்சிட்டது. தங்கூசி அம்புபோல் ஓடியது. மகன் பாச்சிக் சொன்னபடியே செய்தான். இழுக்கவில்லை, மெதுவாகச் சுற்றினான். தூண்டிற்கோல் வில்லாக வளைந்தது. அறுபது எழுபது மீட்டருக்கு அப்பால் நீரைக் கிழித்துக்கொண்டு மீன் எழும்பியது. கருநீல உடலில் ஊதாக் கோடுகள் மின்னின. தலையை இருபுறமும் உதறிவிட்டு மீண்டும் நீரில் விழுந்தது. என் வாழ்நாளில் நான் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

ஐந்து நிமிடம் கடந்திருக்கும். மகனின் கைகள் நடுங்கின. படகு ஓர் அலையில் ஏறி இறங்கியபோது அவன் தடுமாறி இரண்டடி முன்னே நகர்ந்தான். பாச்சிக்கின் உதவியாளன் அவன் பாதுகாப்புச் சட்டையைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் என் நெஞ்சு பதறிவிட்டது. கடலுக்குள் விழுந்துவிடுவானோ என்ற அச்சம் ஒன்று. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: மீன் போய்விடுமே என்ற கவலை. பாய்ந்து சென்று அவன் கையிலிருந்த தூண்டிற்கோலைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தேன். "நீ பிடி, நீ பிடி, அவனால் முடியாது!"

தம்பி இருபது நிமிடத்தில் மீனைப் படகருகே கொண்டுவந்தான். உதவியாளன் கையுறை அணிந்து அதன் நீண்ட மூக்கைப் பற்றிக்கொண்டான். இருபத்தைந்து கிலோ இருக்கும் என்றார் பாச்சிக். மீனைப் படகில் ஏற்றாமல் நீரிலேயே வைத்திருந்தனர். நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "வா, வா! மூக்கைப் பிடித்துக்கொள், படம் எடுக்கிறேன்" என்று மகனை அழைத்தேன். அவன் படகின் மறுபக்கம் அமர்ந்திருந்தான், எழவில்லை.

"அது மாமா பிடித்த மீன் அம்மா."

பாச்சிக் படகை மெல்ல நகர்த்தினார். செவுள் வழியாக நீர் பாய்ந்து மீன் தெம்பு பெறுவதற்காக அப்படிச் செய்வார்களாம். சில நிமிடங்களில் அது வாலை ஒருமுறை அடித்துவிட்டு ஆழத்தில் மறைந்தது.

அதன்பின் பாச்சிக் என்னிடம் வந்து, சிரித்த முகத்துடனேயே, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "சிக்கு, பையன் சொல்வது சரிதான். போட்டியாக இருந்தால் இந்த மீன் கணக்கில் வராது. மீன் மாட்டிய பிறகு தூண்டிற்கோலை வேறொருவர் தொட்டாலே போதும், அது செல்லாது." இது அவருடைய சொந்தச் சட்டமன்று. 1939இல் தொடங்கப்பட்ட அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி என்பதைத் தம்பி பின்னர் விளக்கினான். உலகச் சாதனை படைக்கும் அளவுக்குப் பெரிய மீனாக இருந்தாலும், பிடிப்பவர் அல்லாத இன்னொருவரின் கை பட்டால் அது சாதனைப் பட்டியலில் ஏறாது.

நான் மகனின் அருகில் போய் அமர்ந்தேன். "நீ விழுந்துவிடுவாய் என்று பயந்துவிட்டேன் ஐயா" என்றேன். அவன் கடலைப் பார்த்தவாறே சொன்னான்: "கதை சொல்லும் போட்டியிலும் அப்படித்தானே அம்மா செய்தீர்கள்."

இங்கேதான் நண்பர்களே, நான் உங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023இல் அவன் ஆறாம் ஆண்டில், நான் பணியாற்றும் பள்ளியிலேயே பயின்றான். மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டிக்கு அவனைத் தயார் செய்தேன். அவன் சொல்ல விரும்பியது தன் தாத்தா வளர்த்த சேவலின் கதை. கம்பத்திற்கு வரும் அஞ்சல்காரரை அந்தச் சேவல் விரட்டிய கதை. "இது போட்டிக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கிவிட்டு, நானே நான்கு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதையெல்லாம் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தேன். அவன் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்து முதல் பரிசு பெற்றான். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அந்தப் பரிசு அவனுக்கு மகிழ்ச்சி தந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதைச் செய்வது நான் மட்டுமல்லேன் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பேச்சுப் போட்டிக்கான உரைகளையும், சில வேளைகளில் கட்டுரைப் போட்டிக்கான முன்மாதிரிகளையும் நாம்தாம் எழுதுகிறோம். பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். பெற்றோர்களும் விதிவிலக்கல்லர். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் இடுபணிகளும் இடம்பெறுகின்றன. நான் பெறும் இடுபணிகளுள் சிலவற்றில் ஒட்டுவேலையின் நேர்த்தியைப் பார்த்தவுடனேயே, அது எந்தத் தாயின் கைவண்ணம் என்று என்னால் கூறிவிட முடிகிறது. அன்பினால்தான் செய்கிறோம். நானும் அன்பினால்தான் தூண்டிற்கோலைப் பிடுங்கினேன்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டாவது மீன் கடித்தது. தம்பி என்னைப் பார்த்தான். பாச்சிக்கும் பார்த்தார். நான் படகின் பின்பக்க இருக்கையில் அமர்ந்து, இரு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டேன். அப்படி அமர்ந்திருந்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

அந்த அரை மணி நேரத்தில் பாச்சிக் என்ன செய்தார் என்பதை நான் உற்றுக் கவனித்தேன். அவர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை. மீன் ஓடும் திசைக்கேற்பப் படகைத் திருப்பினார். தங்கூசி படகின் அடியில் சிக்காதபடி பார்த்துக்கொண்டார். மீன் எழும்பும்போது, "கோலைத் தாழ்த்து" என்றார். அது ஓடும்போது, "விடு, ஓடட்டும், அது களைக்கட்டும்" என்றார். அது நிற்கும்போது, "இப்போது சுற்று. பெலான்-பெலான்" என்றார். உதவியாளன் மகனின் சட்டையை விடாமல் பிடித்திருந்தான். இடையே அவன் வாயில் தண்ணீர் ஊற்றினான். மீன் இருக்கும் இடத்தைக் கண்டறிந்தது பாச்சிக். முள்ளைத் தேர்ந்தெடுத்ததும் முடிச்சிட்டதும் அவரே. அவர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான்: தூண்டிற்கோலைத் தொடவில்லை.

மீன் படகிலிருந்து பத்து மீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டது. உதவியாளன் கையுறையை அணிந்துகொண்டான். அப்போது மீன் கடைசியாக ஒருமுறை எழும்பித் தலையை உதறியது. தங்கூசி தொய்ந்தது. முள் மட்டும் திரும்பி வந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. மகன் வெறும் ரீலைச் சுற்றி முடித்துவிட்டுக் கீழே அமர்ந்தான். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கண்கள் கலங்கியிருந்தன. "என் மீன் போய்விட்டது அம்மா" என்றான். காலையில் பிடிபட்ட மீனை மாமாவின் மீன் என்றவன், பிடிபடாத இந்த மீனை 'என் மீன்' என்றான். நான் ஆறுதல் கூற வாயெடுத்தேன்; பிறகு ஒன்றும் சொல்லாமல் மருந்துப் பெட்டியை எடுத்து அவன் கைக்கு மருந்து தடவினேன்.

வீடு திரும்பிய அன்றிரவு என் தந்தையார் பேரனிடம், "என்னப்பா, மீன் எங்கே?" என்று கேட்டார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினான். பறவைகள், பலூன் மிதவை, வட்ட முள், பாச்சிக்கின் குரல், உரிந்த உள்ளங்கை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சிவப்பு மையால் குறித்துக் கொடுக்கவில்லை. என் தந்தையார் உணவுத் தட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு பெரிய மீன்?" என்று கேட்டார். "தெரியவில்லை தாத்தா. நான் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை" என்றான். அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு பத்தாண்டுகளாகக் கதை சொல்லும் போட்டிக்கு மாணவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

2025இல் மீண்டும் மாவட்டப் போட்டி வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை நான் கதை எழுதவில்லை. அவளிடம் கேள்விகள் கேட்டேன்; எந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன்; உச்சரிப்பில் லகர ளகர ழகரங்களைத் திருத்தினேன்; வாரம் இருமுறை அமர்ந்து கேட்டேன். முன்பெல்லாம் நானே எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. அவள் வெள்ளம் வந்த இரவில் தன் பாட்டி தையல் இயந்திரத்தைக் காப்பாற்றிய கதையைச் சொன்னாள்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்து, "மற்ற பள்ளிகளிலெல்லாம் ஆசிரியர்களே எழுதிக் கொடுக்கிறார்களாம். எங்கள் பிள்ளைக்கு மட்டும் நீங்கள் ஏன் எழுதித் தரவில்லை டீச்சர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதிக் கொடுத்த பள்ளிகளோடுதான் அந்தப் பிள்ளை தனியே போட்டியிட்டாள். நான் மயில் மீன் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் போட்டி முடிவுகள் வாசிக்கப்பட்டபோது, எங்கள் பள்ளிக்கு நேராக ஒன்றும் இல்லாததைக் கேட்டு எனக்கும் மனம் வலிக்கத்தான் செய்தது.

ஆனால் தாயார் பேசி முடித்துப் புறப்பட்டபோது, அந்த மாணவி அவர் கையை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், அடுத்த வருடமும் என் கதையையே சொல்லலாமா? பாட்டியிடம் இன்னும் இரண்டு கதை இருக்கிறது" என்றாள்.

சொல்லலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு கதைகளையும் முதலில் எனக்குச் சொல்லிக் காட்டும்படி கேட்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்கள் அனுபவம் என்ன? எந்த அளவு உதவி, எந்த இடத்தில் நிறுத்துவது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

மீண்டும் சந்திப்போம். அன்புடன், உங்கள் ஆசிரியை.